தோட்டமும் சந்தியும்: உரும்பிராயின் மாற்றம் பற்றிய ஒரு வரலாற்று நோக்கு

இலங்கையின் குடிசனமதிப்பு அறிக்கைகளின்படி உரும்பிராய் ஒரு கிராமம். மாநகரசபை, நகரசபை எல்லைகளுக்குட்பட்ட இடங்களை மட்டுமே நகரம் எனக் கொள்வது எமது புள்ளிவிபரத் திணைக்களத்தின் இக்கால வழக்கு. வலிகாமம் கிழக்குப் பிரதேச சபையின் ஆட்சிக்குட்பட்ட உரும்பிராய்க்கு அத்தகுதி இல்லை. ஆயினும், யாழ்ப்பாண நகரிலிருந்து பலாலி வீதிவழியே வடக்கு நோக்கி வரும் ஒருவர், திருநெல்வேலி எங்கு முடிந்தது, கோண்டாவில் எங்கு தொடங்கியது, உரும்பிராய்க்குள் எப்பொழுது நுழைந்தோம் என்பவற்றைக் கடைப்பலகைகளிலுள்ள முகவரிகளை வாசித்தே அறிய வேண்டியிருக்கும். நான்கைந்து மைல் தூரத்துக்கு வீதியின் இருமருங்கும் கடைகளும் மதில்களும் மாடிவீடுகளுமாகவே தோன்றும். பதிவேட்டிற் கிராமமாகவும் காட்சியில் நகரமாகவும் இருக்கும் இந்த இரட்டைநிலை எவ்வாறு உண்டாயிற்று என்பதே இக்கட்டுரை ஆராய முற்படும் வினாவாகும்.

ஊரவரைக் கேட்டாற் பெரும்பாலும் ஒரே விடைதான் கிடைக்கும். "சண்டையோடை எல்லாம் மாறிப்போச்சு, பிள்ளை" என்றார் எமது ஒழுங்கையிலுள்ள முதியவர் ஒருவர். அவர் கூறியது பொய்யன்று, ஆனால் முழுமையுமன்று. போர் இவ்வூரை எவ்வாறு சிதைத்தது என்பதை நாம் நன்கறிவோம். போருக்கு முன்னரே இவ்வூர் எத்திசையில் நகர்ந்துகொண்டிருந்தது என்பதைத்தான் மறந்துவிட்டோம். துறைமுகமோ கச்சேரியோ பெரிய ஆலையோ இங்கு இருந்ததில்லை. 1900களின் தொடக்கத்தில் வந்த புகையிரதப் பாதையுங்கூட மேற்கே இணுவில், கோண்டாவில் பக்கமாக விலகிச் சென்றுவிட்டது. உரும்பிராயின் நகரத்தன்மை அதன் தோட்டத்திலே விளைந்ததாகும். தோட்டத்தின் மிகைவருவாய் பள்ளிக்கூடமாயிற்று, பள்ளிக்கூடம் உத்தியோகமாயிற்று, உத்தியோகம் பிறநாட்டுப் பயணமாயிற்று, பிறநாட்டுப் பணம் திரும்பிவந்து அதே தோட்டக் காணியில் வீடாக எழுந்தது. போர் இந்த ஓட்டத்தைப் பன்மடங்கு விரைவுபடுத்தியது. தொடக்கிவைத்தது அதுவன்று.

ஊர் வரலாறு எழுதப் புகுவோர் முதலில் ஊர்ப்பெயரை ஆராய்வது எம்மிடையே ஒரு மரபு. பிராய் என்பது ஒரு மரத்தின் பெயர் என்ற அளவில் நிறுத்திக்கொண்டு, மண்ணுக்கும் நீருக்கும் வருகிறேன். இவ்வூரின் வரலாற்றுக்கு அவையே முதற்சான்றுகள். வலிகாமத்தின் நடுப்பகுதியிற் காணப்படும் செம்மண் சுண்ணக்கற் பாறைமீது படிந்தது. மாரியில் மட்டும் ஓடும் வழுக்கியாற்றை விட்டால் குடாநாட்டில் ஆறென்று சொல்ல ஒன்றுமில்லை. ஆண்டுக்கு ஏறக்குறைய 50 அங்குல மழை. அதன் பெரும்பகுதியும் ஐப்பசி முதல் மார்கழி வரையிற் பெய்து முடிந்துவிடும். அந்நீர் சுண்ணக்கல்லின் வெடிப்புகளுக்கூடாக இறங்கி, அடியிலுள்ள உவர்நீரின்மேல் நன்னீராகத் தங்குகிறது. எஞ்சிய மாதங்களிற் பயிர்செய்ய விரும்புவோன் அதனைக் கிணறு தோண்டி இறைத்தே ஆகவேண்டும். மிகையாக இறைத்தால் உவர் மேலெழும். இறையாதுவிட்டாற் பயிர் வாடும். இவ்விரண்டுக்குமிடையிலேயே இங்குள்ள வாழ்வு அமைந்தது.

அரச வரலாற்றில் உரும்பிராய்க்குத் தனியிடம் இல்லை. தெற்கே நல்லூர், யாழ்ப்பாண அரசின் தலைநகர். கிழக்கே கோப்பாய், 1560இற் போர்த்துக்கேயர் நல்லூரைத் தாக்கியபொழுது மன்னன் பின்வாங்கிய கோட்டையிருந்த இடம். ஒல்லாந்தர் காலத்தில் வலிகாமத்திலிருந்த கோவிற்பற்றுக்களைப் பல்தேயஸ் பாதிரியார் 1672இல் வெளியான தம் நூலில் விவரிக்கும்பொழுது கோப்பாய், உடுவில், நல்லூர் என்பனவே இப்பக்கத்தில் இடம்பெறுகின்றன. ஆக, எமதூர் பெரிய பெயர்களுக்கு நடுவே கிடந்த ஒரு தோட்டவூர். மேற்கே மருதனார்மடம், மானிப்பாய்ப் பக்கத்திலிருந்து கிழக்கே கோப்பாய், கைதடிப் பக்கத்துக்குச் செல்லும் பாதையும், தெற்கு வடக்காகச் செல்லும் பலாலிப் பாதையும் இங்கு குறுக்கிட்டமையால் உண்டானதே சந்தி. இரண்டாம் உலகப் போர்க்காலத்திற் பலாலியில் விமானத்தளம் அமைக்கப்பட்டதன் பின்னரே அச்சந்தியின் வடக்குக் கிளை முக்கியத்துவம் பெற்றது.

தோட்டத்தின் உழைப்பைப் பற்றிச் சற்று விரிவாகக் கூறவேண்டும். ஏனெனில், எமது தலைமுறையினர் பலர் துலாவைப் படத்திலேயே கண்டிருக்கின்றனர். துலாவில் ஒருவரோ இருவரோ ஏறி முன்னும் பின்னுமாக மிதித்து நடக்க, கிணற்று வாயில் நிற்பவர் பட்டையை இறக்கி, நிறைந்து மேலெழுந்ததும் சரித்துவிடுவார்; வாய்க்கால்வழி ஓடிவரும் நீரை வேறொருவர் பாத்தி பாத்தியாகத் திருப்பித் தண்ணீர் கட்டுவார். விடியுமுன் தொடங்கும் வேலை. எரு இடுதல், பூவரசங்குழை தாழ்த்தல், ஆட்டுப்பட்டி அடைத்தல் என்று மண்ணுக்குச் செய்யும் உபசாரங்கள் வேறு. இத்தகைய உழைப்பினாலேயே வலிகாமத்துப் புகையிலை ஒல்லாந்தர், பிரித்தானியர் காலங்களில் திருவிதாங்கூர்ச் சந்தைவரை சென்றது. யாழ்ப்பாணத்துக் கமக்காரன் காசுக்காகப் பயிரிடுவதைக் கற்றது நேற்றைய கதையன்று.

ஆனால் துலா மிதித்தவர் எல்லாரும் காணிக்குச் சொந்தக்காரர் அல்லர். பழைய கிராமத்தின் எழிலைப் பற்றி எழுதுவோர் இவ்விடத்தை விரைந்து கடந்துவிடுகின்றனர். கிடுகு வேலியும் சங்கடப் படலையும் நாற்சார் வீடும் அமைந்த அந்த ஒழுங்கு, சாதி ஒழுங்குமாகும். யாழ்ப்பாணக் கிராமங்கள் பலவற்றிலும் தோட்டத்துக்கு நீர் இறைத்தவரே குடிக்கும் நீருக்குப் பிறர் அள்ளி ஊற்றும்வரை கிணற்றடியிற் காத்துநிற்க வேண்டியிருந்தது. 1957ஆம் ஆண்டின் சமூகக் குறைபாடுகள் தடுப்புச் சட்டம் இதனைக் குற்றமாக்கியது. சட்டம் வந்து ஒன்பது ஆண்டுகளின் பின்னரும், 1966 ஒக்டோபரிற் சுன்னாகத்திலிருந்து ஊர்வலம் சென்றுதான் தேநீர்க்கடைக்குள்ளும் கோயிலுக்குள்ளும் நுழையும் உரிமையைக் கோரவேண்டியிருந்தது என்பதை நினைத்தால், பழைமையைப் பற்றிய எமது ஏக்கத்துக்கும் ஓர் எல்லை வேண்டும் என்பது விளங்கும். மாற்றம் என்பது எல்லார்க்கும் இழப்பாக இருந்ததில்லை.

தோட்ட வருவாய் பள்ளிக்கூடமாக மாறிய கதை பலரும் அறிந்ததே. 1824இல் உடுவிலில் அமெரிக்க மிசனரிமார் பெண்களுக்கான விடுதிப் பள்ளியை நிறுவினர். கோப்பாயில் அங்கிலிக்கன் மிசனரிமார் ஆசிரியப் பயிற்சியில் ஈடுபட்டனர். உரும்பிராய் இவ்விரண்டுக்கும் இடையிற் கிடந்தது. 1848இல் வண்ணார்பண்ணையில் ஆறுமுக நாவலர் தொடக்கிவைத்த சைவப்பிரகாச வித்தியாசாலை வகுத்த பாதையில், இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதியிற் சைவப் பள்ளிகள் ஊருக்கு ஊர் எழுந்தன. 1923இல் தோன்றிய சைவ வித்தியாவிருத்திச் சங்கம் அம்முயற்சிக்குப் பெருந்துணை புரிந்தது. உரும்பிராய் இந்துக் கல்லூரி இவ்வலையின் விளைச்சல்களுள் ஒன்று. இத்தகைய பள்ளிகளைத் தாங்கியவர்கள் பெருஞ்செல்வர்கள் மட்டுமல்லர். வெங்காயமும் புகையிலையும் விற்ற காசு கட்டடநிதியாகவும் பிள்ளையின் பள்ளிச் சம்பளமாகவும் மாறியது. பிள்ளை துலா மிதிக்கக்கூடாது என்பதே துலா மிதித்த தகப்பனின் விருப்பமாக இருந்தது. தோட்டம் தன்னை மறுப்போரைத் தானே படிப்பித்தது எனலாம்.

அவ்வாறு படித்தவர்கள் எங்கே சென்றனர்? பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியிலிருந்து மலாயாவுக்கு. அங்கு புகையிரதப் பகுதியிலும் அரசாங்கக் கந்தோர்களிலும் இலிகிதர்களாகப் பணியாற்றிய யாழ்ப்பாணத்தார் அனுப்பிய பணமும், இளைப்பாறித் திரும்பிய 'மலாயன் பென்சனியர்' கட்டிய ஓட்டுவீடுகளும் வலிகாமத்து ஊர்களின் தோற்றத்தை முதன்முதலாக மாற்றின. பின்னர் கொழும்பு. வெளிநாட்டுப் பணத்தில் வீடு கட்டும் வழக்கம் 1983இன் பின்னர் தோன்றியதாக எண்ணுவோர் தம் ஊர்களிலுள்ள மலாயா வீடுகளைச் சென்று பார்த்தல் நன்று. கனடாக் காசு சென்ற பாதையை மலாயாக் காசு முன்னரே வெட்டிவைத்துவிட்டது.

1950களிலிருந்து நீர் இறைக்கும் இயந்திரம் பரவியது. நால்வர் செய்த வேலையை ஒரு மண்ணெண்ணெய்ப் பம்பு செய்தது. துலாவும் ஆடுகாலும் விறகாயின. இயந்திரத்தின் பயனை முற்றாக நுகர்ந்த காலம் 1970 முதல் 1977 வரையான ஏழாண்டுகளாகும். அன்றைய ஐக்கிய முன்னணி அரசாங்கம் வெங்காயம், மிளகாய், உருளைக்கிழங்கு ஆகியவற்றின் இறக்குமதியைத் தடுத்தமையாற் குடாநாட்டுத் தோட்டக்காரர் முன்னொருபோதும் காணாத விலையைக் கண்டனர். சுன்னாகம், திருநெல்வேலிச் சந்தைகளிலிருந்து லொறிகள் கொழும்புக்குச் சென்றன. படித்தும் வேலை கிடையாத வாலிபர் விசுவமடு, முத்தையன்கட்டுப் போன்ற குடியேற்றத் திட்டங்களுக்குச் சென்று மிளகாய் நட்டதும் இக்காலத்திலேயே. இலங்கை வரலாற்றிற் கமமும் கல்வியும் ஒன்றையொன்று வெறுக்காதிருந்த அரிய இடைவேளை இது என்று எனக்குத் தோன்றுகிறது.

ஆயின் அதே ஏழாண்டுகளிலேயே ஏணியின் மேற்படி முறிந்தது. 1971இற் பல்கலைக்கழக அனுமதியில் மொழிவாரித் தரப்படுத்தல் புகுத்தப்பட்டது. 1974இல் மாவட்டக் கோட்டாமுறை தொடர்ந்தது. பின்தங்கிய மாவட்டங்களின் பிள்ளைகளுக்கு இரண்டாவது ஏற்பாடு வாயில் திறந்தது என்பதையும் நேர்மையாக ஒப்புக்கொள்ள வேண்டும். ஆனால் வாழ்வின் முழு நம்பிக்கையையும் பரீட்சைமீதே வைத்திருந்த உரும்பிராய் போன்ற ஊர்களில் அது ஏற்படுத்திய அதிர்ச்சியைக் குறைத்து மதிப்பிட முடியாது. இவ்வூரிற் பிறந்த பொன். சிவகுமாரன் 1974 ஜூன் 5ஆந் திகதி, பொலிசாரிடம் அகப்பட்ட நிலையிற் சயனைட் அருந்தி உயிர்துறந்தபொழுது அவருக்கு வயது இருபத்துமூன்று. அவருக்காக உரும்பிராயில் எழுப்பப்பட்ட சிலை பலமுறை உடைக்கப்பட்டு மீண்டும் மீண்டும் நிறுவப்பட்டது. அரசியல் வரலாற்றாசிரியர் அந்நிகழ்ச்சியை ஆயுதப் போராட்டத்தின் தொடக்கங்களுள் ஒன்றாகக் காண்பர். ஊர் வரலாற்றை எழுதுபவருக்கு அது, மூன்று தலைமுறையாகப் பள்ளிக்கூடத்தை நம்பிய ஓர் ஊரின் நம்பிக்கை உடைந்த காலத்து நிகழ்ச்சியுமாகும்.

1977இன் திறந்த பொருளாதாரம் இறக்குமதி வெங்காயத்தையும் மிளகாயையும் கொண்டுவந்தது. விலை சரிந்தது. ஒருபுறம் கமத்தின் இலாபம் போயிற்று. மறுபுறம் கல்வியின் வாயில் ஒடுங்கியிருந்தது. எஞ்சியது பயணம். எழுபதுகளின் பிற்பகுதியிலேயே மேற்கு ஐரோப்பாவுக்குச் செல்லத் தொடங்கியிருந்த வாலிபரின் தொகை 1983 ஜூலை வன்செயல்களின் பின் வெள்ளமாகப் பெருகியது. போர் முற்றுமுன்னரே பயணத்துக்கான காரணங்கள் இங்கு குவிந்திருந்தன என்பதே இதுவரை கூறியவற்றால் விளங்குவது.

போரைப் பற்றி இங்கு சுருக்கமாகவே கூறுகிறேன். ஒவ்வொரு வீட்டுக்கும் அது வேறு வரலாறு. பலாலித் தளத்துக்கும் யாழ்நகருக்கும் இடையிற் கிடந்தமையால், 1987 ஒக்டோபரில் இந்திய இராணுவம் நகரை நோக்கி முன்னேறியபொழுது உரும்பிராயும் கோப்பாயும் கடுஞ்சமர்க்களங்களாயின. 1990 முதற் பலாலி, வசாவிளான், மயிலிட்டிப் பகுதி மக்கள் தம் நிலங்களை விட்டுத் தெற்கே வந்து, எமதூர் உட்படப் பல ஊர்களில் உறவினர் வீடுகளிலும் முகாம்களிலும் தங்கினர். பொருளாதாரத் தடைக்காலத்தில் மண்ணெண்ணெய் அரும்பொருளாகவே, பம்புகள் ஓய்ந்தன. சில கிணறுகளில் மீண்டும் துலா ஏறியது. 1995 ஒக்டோபர் 30ஆந் திகதி இரவு வலிகாமம் முழுவதும் எழுந்து நடந்தது. செம்மணி, நாவற்குழி வழியாகவும் கோப்பாய், கைதடி வழியாகவும் மழையில் நனைந்தபடி தென்மராட்சிக்குச் சென்ற அந்த இலட்சக்கணக்கானோர், 1996 சித்திரையிலிருந்தே திரும்பத் தொடங்கினர்.

திரும்பிவந்தவர்கள் கண்ட ஊருக்கு வேலி இல்லை. இச்சிறு விடயத்துக்கு நான் பெருமதிப்பு அளிக்கிறேன். கிடுகு வேலி ஆண்டுதோறும் புதுப்பிக்கப்பட வேண்டியது. தென்னோலை வாங்கி, ஊறவைத்து, பின்னி, கதியால்களுக்கிடையே வைத்துக் கட்ட ஆட்கள் வேண்டும். அயலவரின் ஒத்துழைப்பு வேண்டும். எல்லைக் கதியாலைப் பற்றி எழும் வழக்குகளுங்கூட ஒருவகை ஒத்துழைப்பே. வழக்காடுவதற்காயினும் இருவரும் ஊரில் இருந்தனர். ஓராண்டு கவனியாத வேலி உக்கிவிழும். கிடுகு பின்னும் கைகள் குறைந்திருந்தன. தென்னையும் பனையும் பதுங்குகுழிகளுக்குத் தறிக்கப்பட்டிருந்தன. முதலில் தகரம் வந்தது. பணம் வந்ததும் மதில் வந்தது. மதிலுக்கு ஆண்டுதோறும் ஆள் தேவையில்லை. உரிமையாளர் கனடாவில் இருந்தாலும் அது நிற்கும். இல்லாதவரின் உடைமையைக் காப்பதற்கு மிகவும் ஏற்ற எல்லை அதுவே. வேலியின் பொட்டுக்கூடாகச் சிறுவர் அடுத்த வளவுக்குப் புகுந்து சென்றதை எனது தாயார் கூறக் கேட்டிருக்கிறேன். நான் வளர்ந்தது மதிலுக்குள்.

மதிலுக்கு அடுத்ததாக வீடு. தோட்டக் காணியில் வீடெழுந்தமைக்குத் தேசவழமை மரபையும் ஒரு காரணமாகக் கொள்ளவேண்டும். 1707இல் ஒல்லாந்தர் எழுத்திற் தொகுத்த அவ்வழமையின்படி பெண்ணுக்குச் சீதனமாகக் காணி கொடுக்கப்படுகிறது. ஒவ்வொரு தலைமுறையிலும் காணி பிளவுபடுகிறது. ஏக்கரிற் பதினாறில் ஒன்றாகிய பரப்பு என்னும் அலகே எமது பேச்சில் நிலைத்திருப்பது தற்செயலன்று. இரண்டு பரப்பிற் குடும்பத்தைத் தாங்கும் தோட்டம் செய்ய முடியாது, வீடு கட்டலாம். 1974இல் திருநெல்வேலியில் யாழ்ப்பாண வளாகம் அமைந்து, பின் பல்கலைக்கழகமாக வளர்ந்ததனால் அயலூர்களில் வாடகை அறைக்கும் வீட்டுக்காணிக்கும் கேள்வி பெருகியது. 2009இன் பின்னர் பலாலி வீதி அகலிக்கப்பட்டது. வங்கிகளும் குத்தகை நிதிக் கம்பனிகளும் வீதியோரங்களுக்கு வந்தன. செம்மண்ணின் விலை அதில் விளைவதனால் அன்றி, வீதியிலிருந்து அது எவ்வளவு தூரம் என்பதனால் அளக்கப்படலாயிற்று.

இதில் விந்தை ஒன்று உண்டு. இன்றைய எல்லைகளின்படி யாழ்ப்பாண மாவட்டத்தின் மக்கட்டொகை 1981இல் 7 இலட்சத்து 38 ஆயிரத்தை அண்மியிருந்தது. 2012இல் அது 5 இலட்சத்து 83 ஆயிரமாகக் குறைந்திருந்தது. உலகின் பிற பாகங்களிற் சனநெருக்கத்தால் நகரம் விரிவதையே நாம் பாடநூல்களிற் படிக்கிறோம். இங்கோ மக்கள் குறையக் குறையக் கட்டடம் பெருகியது. எமது ஒழுங்கையிலுள்ள புதிய வீடுகளுட் சில, நல்லூர்த் திருவிழாக் காலத்தில் மட்டும் விளக்கேற்றப்படுவன. வாழ்வதற்காகக் கட்டியவை என்பதைக் காட்டிலும், ஊருடன் உள்ள தொடர்பை அறுத்துக்கொள்ளவில்லை என்று காட்டுவதற்காகக் கட்டியவை என்றே அவற்றைக் கொள்ளத் தோன்றுகிறது. அவர்களைக் குறைகூற எனக்கு மனம் வரவில்லை. எமது குடும்பத்தின் கூரையும் அத்தகைய பணத்தாலேயே வேயப்பட்டது.

நீரின் கதையும் இதனோடு பிணைந்தது. கூடிய விளைச்சலுக்காக இடப்பட்ட செயற்கை உரம் சுண்ணக்கல்லுக்கூடாக இறங்கிக் கிணறுகளைச் சேர்ந்தது. குடிநீரில் நைத்திரேற்று இலீற்றருக்கு 50 மில்லிகிராமை மிஞ்சலாகாது என்பது உலகச் சுகாதார நிறுவனத்தின் வரையறை. வலிகாமத்துத் தோட்டக் கிணறுகள் பல அதனை மிஞ்சியுள்ளமையை ஆய்வுகள் பன்னெடுங்காலமாகக் காட்டிவந்துள்ளன. ஒவ்வொரு வளவிலும் கிணறும் மலகூடக் குழியும் அருகருகே அமைந்தமை நிலைமையை மேலும் கெடுத்தது. சுன்னாகப் பக்கத்துக் கிணறுகளிற் கழிவெண்ணெய் கலந்த செய்தி 2014, 2015ஆம் ஆண்டுகளிற் குடாநாட்டையே கலக்கியது. 2024 ஓகஸ்டில் வடமராட்சி கிழக்கின் தாளையடியிற் கடல்நீரை நன்னீராக்கும் நிலையம் திறக்கப்பட்டது. கிணற்றால் உண்டான ஒரு நாடு குடிப்பதற்குக் கடலை நாடவேண்டிய நிலைக்கு வந்துள்ளது.

இத்தனைக்கும் பின்னர் தோட்டம் முற்றாக மறைந்துவிடவில்லை. சந்தியிலிருந்து ஒழுங்கைகளுக்குள் இறங்கினால், மதில்களுக்கிடையே இன்னும் மரவள்ளியும் வெங்காயமும் வாழையும் நிற்கும். அவற்றைச் செய்பவர்கள் யார் என்பது கவனிக்கத்தக்கது. எமது ஒழுங்கையின் இறுதியில் ஆறு பரப்புத் தோட்டம் உண்டு. உரிமையாளர் மூவர், மூவரும் மூன்று நாடுகளில். தோட்டம் செய்பவரின் பாட்டனார் அதே கிணற்றில் துலா மிதித்தவர். வேலைக்காரராக அன்றிக் குத்தகைக்காரராக, பம்பும் குழாயும் தமதாக, இன்று அந்நிலத்தில் அவர் நிற்கிறார். இது சிறிய மாற்றமன்று. ஆனால் குத்தகை ஓராண்டுக்கு மட்டுமே, எழுத்தில் ஏதுமில்லை, தைமாதத்தில் ஒரு தொலைபேசி அழைப்பிற் புதுப்பிக்கப்படுவது. ஏன் முன்போலக் குழை தாழ்ப்பதில்லை என்று அவரைக் கேட்டேன். குழையும் எருவும் மண்ணிற் பலன்தர மூன்று நான்கு வருடம் செல்லும் என்றும், அடுத்த வருடம் அங்கே அத்திவாரம் வெட்டப்படுமோ என்பதே தமக்குத் தெரியாது என்றும் கூறிவிட்டு, உரப்பையைப் பிரித்துக்கொண்டு பாத்திக்குள் இறங்கினார்.